இரண்டாவது பிரதி

நேற்றுப் பின்னேரம் விசாரணை முடிந்து எழும்பும்போது, ஐயா, நீங்கள் ஒரு விஷயம் கேட்டீர்கள். உங்கள் ஒபிஸில் நாலைந்து கணினிகள் இருக்கின்றன, பேக்கப் என்று ஒன்றுமில்லை, காசு கொடுக்காமல் போடக்கூடிய நல்ல மென்பொருள் ஏதாவது இருந்தால் சொல் என்றீர்கள். பேச்சுவாக்கில் கேட்டதுதான். ஆனாலும் அந்தக் கேள்வியோடு நான் நிறைய நாள் குடித்தனம் நடத்தியவன் என்பதால், அதை முதலில் எழுதிவிடுகிறேன். மற்றதை, அதாவது விஜயலெட்சுமி அக்கா விஷயத்தை, அதோடு சேர்த்தே எழுதலாம். இரண்டையும் பிரித்து எழுத எனக்குத் தெரியவில்லை.

என் பெயர் புவனேந்திரன். பதுளை பஜாரில் ஜெயராசா முதலாளியின் புடவைக் கடைக்கு மேல்மாடியில் இருக்கும் லேபில் கணினிகளைப் பார்த்துக்கொள்பவன். இரத்தம், சிறுநீர் தொடங்கி, கட்டியில் ஊசி குத்தி எடுத்துப் பார்ப்பது வரை அங்கே எல்லாப் பரிசோதனையும் நடக்கும். நான் பிறந்தது ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், லயம் என்கிற வரிசை வீடு ஒன்றில். அம்மா இன்னும் அங்கேதான் கொழுந்தெடுக்கிறார். எங்கள் லயத்திலிருந்து டவுனுக்கு வந்து, ஏசி போட்ட அறையில் கதிரையில் உட்கார்ந்து வேலை பார்த்த முதல் ஆள் நான். பெருமைக்குச் சொல்லவில்லை. பின்னால் நடந்தது விளங்குவதற்கு இது தேவைப்படும்.

இலவசம் என்றால் மட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். ஐந்தாறு மென்பொருட்களைப் போட்டுப் பார்த்தேன். ஒன்று ஒரு மாதம் சமர்த்தாக ஓடிவிட்டுப் பிறகு காசு கேட்டது. இன்னொன்று தனிக் கணினியோடு சரி. வயர் வழியே பக்கத்துக் கணினிக்கு ஒரு பிரதி அனுப்பச் சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொண்டது. கடைசியில் நான் தெரிந்தெடுத்தது எளிமையானது, அடம்பிடிக்காதது. போடும்போது, வீட்டுப் பாவனைக்கா அலுவலகத்துக்கா என்று கேட்கும். அலுவலகம் என்றால் விலை காட்டும். நான் வீடு என்று அமுக்கினேன்.

அமுக்கச் சொன்னது முதலாளிதான். கெட்ட மனிதர் இல்லை. பல்பு எரிந்துபோனால் புதிதாக வாங்கும் முன் பழையதைக் காதருகே வைத்து நாலு தரம் ஆட்டிப் பார்க்கிற ஆள், அவ்வளவுதான். "காசு குடுத்துத்தான் வாங்கணும்னா எனக்கு அந்த பேக்கப்பே வேணாம் புவனன், முருகன் பாத்துக்குவான்" என்றார். முருகனுக்கு அந்தச் சிரமத்தைக் கொடுக்க வேண்டாமே என்று நான் பார்த்துக்கொண்டேன்.

இலவசமானதில் இரண்டு குறை உண்டு, நீங்கள் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. பிரதி எடுக்க முடியாமல் போனால் ஃபோனுக்குத் தகவல் அனுப்பாது. திரையின் மூலையில் சின்னதாக ஒரு சிவப்புப் புள்ளியைக் காட்டிவிட்டுப் பேசாமல் இருக்கும், அதுவும் பக்கத்தில் செருகியிருக்கும் டிஸ்க்குக்கு மட்டும்தான். பழைய பிரதிகளையும் தானாக அழிக்காது. இடம் நிரம்பும் வரை ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டே போகும். கவனமாக இருக்கிறவனுக்கு இவை பெரிய குறைகளே இல்லை.

லேபின் எழுத்தெல்லாம் என் அறையில் இருந்த பெரிய கணினிக்குள் இருந்தது. அதற்கு இரண்டு பிரதி எடுக்க ஏற்பாடு செய்தேன். முதல் பிரதி பக்கத்திலேயே செருகியிருந்த ஹார்ட் டிஸ்க்கில். கைக்கு அடக்கமான கறுப்புப் பெட்டி. இரண்டாவது பிரதி முன்மேசைக் கணினியில். முன்மேசையில் இருந்தவள் றின்ஸா. இரத்தம் எடுப்பதும் அவள்தான், ரிப்போர்ட்டைக் கவரில் போட்டுக் கொடுப்பதும் அவள்தான். உண்மையில் இந்த இரண்டாவது பிரதியை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை. லேப் பூட்டிய பிறகுதான் அது ஓடும். வீட்டுக்குப் போகும்போது அவரவர் கணினியை அணைத்துவிட வேண்டும் என்பது முதலாளியின் கட்டளை. என் அறைக் கணினிக்கு மட்டும் விலக்கு. அணைத்து வைத்திருக்கும் முன்மேசைக் கணினிக்கு எதை அனுப்புவது? சும்மா பெயருக்கு ஒரு ஏற்பாடு என்று நினைத்திருந்தேன்.

போன வருடம் சரஸ்வதி பூசை வந்தது. கடைக்கும் லேபுக்கும் சேர்த்துப் பூசை வைப்பவர் முதலாளியின் மனைவி மீனாம்பாள் அம்மா. கடைக் கத்தரிக்கோல், முழக்கோல், லேபின் மைக்ரோஸ்கோப், என்னுடைய ஸ்குரூ டிரைவர் எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்துச் சாமி படத்துக்கு முன்னால் அடுக்குவார். விஜயதசமி வரை யாரும் தொடக்கூடாது. கணினியைத் தூக்கி வைக்க முடியாதென்பதால் அதற்குப் பதிலாக அந்த டிஸ்க்கைக் கேட்டார். "எல்லா எழுத்தும் இதுக்குள்ளதானே இருக்கு, இதத்தான் மொதல்ல வைக்கணும்" என்றார். நியாயமான பேச்சு. கழற்றிக் கொடுத்தேன்.

விஜயதசமியன்று மற்றச் சாமான்கள் எல்லாம் வேலைக்குத் திரும்பின. டிஸ்க்கைச் செருகப் போனால், வயர் செருகும் வாயில் சந்தனம் இறங்கிக் காய்ந்து இறுகியிருந்தது. ஊசியால் மெல்லக் கிளறி எடுக்க வேண்டும், கொஞ்ச நேர வேலை. நாளைக்குப் பார்க்கலாம் என்று சாமித் தட்டிலேயே திரும்ப வைத்தேன். அடுத்த நாளும் அப்படியே நினைத்தேன். திரையின் மூலையில் சிவப்புப் புள்ளி விழுந்தது. தினமும் அதைப் பார்த்துக்கொண்டுதான் தேநீர் குடித்தேன். இரண்டு மூன்று நாள் உறுத்தியது, பிறகு நெற்றிப் பொட்டு மாதிரி அது அங்கேயே இருப்பதுதான் சரி என்று ஆகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமைகளில் கண்டியிலிருந்து ஒரு டொக்டர் லேபுக்கு வருவார். காலையில் கட்டி உள்ளவர்களுக்கு ஊசி குத்தி எடுப்பார், மத்தியானம் கண்ணாடித் தகடுகளை மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பார், முடிவுகளைத் தானே கணினியில் அடித்துவிட்டுப் பின்னேரம் கிளம்பிவிடுவார். அவருடைய கையெழுத்தின் படம் கணினியிலேயே இருக்கும். திங்கட்கிழமை நான் அச்சடிப்பேன். அதுதான் எங்கள் வழக்கம்.

தீபாவளிக்கு முந்தின வாரம். ஞாயிறு டொக்டர் வந்து பார்த்துவிட்டுப் போய்விட்டார். திங்கட்கிழமை பின்னேரம் அச்சடிக்க உட்காரும் நேரத்தில் இடி. ஐப்பசியில் பதுளையில் பின்னேரம் இடிக்காவிட்டால்தான் ஆச்சரியம். அன்றைய இடி டெலிபோன் வயர் வழியாக இறங்கி என் அறைக் கணினியைக் கருக்கிவிட்டது. முன்மேசைக் கணினிக்கு ஒன்றும் ஆகவில்லை. முதலாளி கடையிலிருந்து மேலே ஏறி வந்தார். அறை முழுக்கப் பொசுங்கிய வாடை. பதறவில்லை மனிதர். "பேக்கப் இருக்குதானே?" என்று மட்டும் கேட்டார். "இருக்கு முதலாளி" என்றேன். அவர் சிரித்தபடி என் முதுகில் தட்டிவிட்டு இறங்கிப் போனார்.

அந்த இடத்தில் இல்லை என்று சொல்லியிருந்தால் எல்லாம் வேறாகியிருக்கும் என்று நீங்கள் எழுதிக்கொள்வீர்கள். நானும் யோசித்துப் பார்த்திருக்கிறேன். ஆனால் அவர் முகம் அப்படி இருந்தது. அந்த முகத்துக்கு முன்னால் வேறொரு பதில் என் வாயில் வரவில்லை.

சாமித் தட்டிலிருந்து டிஸ்க்கை எடுத்துச் சந்தனத்தைக் கிளறினேன். வேறொரு கணினியில் செருகியதும் உயிர் வந்தது. உள்ளே பூசைக்கு முந்தின நாள் வரை எல்லாம் ஒழுங்காக இருந்தது. அதற்குப் பிறகு வந்த இரத்தப் பரிசோதனைகளுக்கு இயந்திரத்தின் துண்டுச் சீட்டுகள் இருந்தன. றின்ஸா முணுமுணுக்காமல் உட்கார்ந்து திரும்ப அடித்துத் தந்தாள். முந்தின ஞாயிறுகளின் ரிப்போர்ட்கள் ஏற்கெனவே அச்சாகிக் கைமாறிவிட்டன. அந்த ஒரு ஞாயிறு மட்டும்தான் எங்குமே இல்லை. ஏழு பெண்கள். ஏழும் மார்புக் கட்டிகள். எல்லோரும் தோட்டத்து ஆட்கள்.

கண்ணாடித் தகடுகள் அலமாரியில் இருந்தனவே என்று நேற்றுக் கேட்டீர்கள். இருந்தன. டொக்டருக்கு ஒரு ஃபோன் போட்டால் அடுத்த ஞாயிறு திரும்பப் பார்த்திருப்பார். ஆனால் அவர் முன்கோபி. பேக்கப்கூட ஒழுங்காக வைக்காத லேப் என்று வராமல் நின்றுவிட்டால், அப்புறம் ஊசி குத்திப் பார்க்க எங்கள் பெண்கள் கண்டிக்கு ஏற வேண்டும். ஒரு நாள் மலைக்குப் போகாவிட்டால் ஒரு பேர் போச்சு. தோட்டத்தில் ஒரு நாள் கூலியை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். கண்டிக்குப் போய்வரக் குறைந்தது இரண்டு பேர் போகும். அதுவும் தீபாவளிக்கு முன்னால், பிள்ளைகளுக்கு உடுப்பு எடுக்கிற நேரத்தில். இதையெல்லாம் நினைத்துத்தான் ஃபோனைக் கையில் எடுத்தவன் கீழே வைத்தேன். முதலாளிக்குத் தெரிந்துவிடும் என்ற பயமும் இருந்தது. அதை மறைக்கவில்லை. ஆனால் பெரிய காரணம் அவர்கள்தான்.

பழைய ரிப்போர்ட்களைத் திறந்து வாசித்தேன். பத்தில் ஒன்பது ஒரே மாதிரிதான் இருக்கும்: கெட்ட கலங்கள் எதுவும் காணப்படவில்லை. டொக்டரின் வசனங்களையே எடுத்து, ஏழு பெண்களுக்கும் அங்கே ஒரு சொல் இங்கே ஒரு சொல் மாற்றிப் போட்டேன். என் சொந்த வார்த்தை ஒன்றுகூட இல்லை. டொக்டர் வழக்கமாகக் கடைசியில், கட்டி வளர்ந்தால் திரும்ப வந்து காட்டவும் என்று ஒரு வரி சேர்ப்பார். அதை மட்டும் எடுத்துவிட்டேன். பண்டிகை நேரத்தில் அந்த வரியைப் படித்து யாரும் வீணாக மனதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது என்று பட்டது. பிறகு கையெழுத்துப் படத்தை வைத்து அச்சடித்தேன்.  

ஏழு பேரில் ஒருவர் விஜயலெட்சுமி அக்கா. எங்கள் லயத்துக்குக் கீழ் லயம். அம்மாவோடு ஒரே மலையில் கொழுந்தெடுப்பவர். லயத்தில் என்னை "நீ" என்பவர், லேபுக்குள் வந்ததும் "நீங்க" என்றார். செருப்பைப் படியடியிலேயே கழற்றிவிட்டு வந்திருந்தார். றின்ஸா கொடுத்த கவரைப் பிரிக்காமல் நேரே என் அறை வாசலுக்கு வந்தார்.

"இங்கிலீசுல இருக்குமாமே தம்பி. என்னா போட்டிருக்குன்னு சொல்லுங்க."

"கெட்டது ஒண்ணும் இல்லக்கா."

"நெசமாவா?"

"நெசமாத்தான்."

கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே குந்திவிட்டார். அழுதார். மகள் விதுர்ஷா உயர்தரம் படிக்கிறாள், சோதனை முடியும் வரையாவது தன் உடம்பு தாங்க வேண்டும் என்று மகமாயிக்கு நேர்ந்திருந்தாராம். தீபாவளி முடிந்து ஒரு பை நிறைய முறுக்கு கொண்டுவந்து தந்தார். சாப்பிட்டேன். நல்ல முறுக்கு. அவரை எங்களிடம் அனுப்பியிருந்த கிளினிக் டொக்டரும் எங்கள் கடதாசியைப் பார்த்துவிட்டு, பயப்பட ஒன்றுமில்லை, போங்கள் என்று அனுப்பிவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. கடதாசியில் இருப்பதைத்தானே அவரும் படிப்பார்.

மார்கழியில் ஒரு நாள் றின்ஸா கூப்பிட்டாள். "அண்ணா, என்ட கொம்பியூட்டர்ல இடம் இல்லண்டு வருது." போய்ப் பார்த்தேன். உள்ளே என் இரண்டாவது பிரதி மலைபோல் குவிந்து கிடந்தது. பின்னேரம் போகும்போது இதை அணைப்பதில்லையா என்று கேட்டேன். "அணைக்கிறேனே" என்று திரையின் பொத்தானை அமுக்கிக் காட்டினாள். திரை அணைந்தால் கணினியும் அணைந்துவிட்டது என்று இத்தனை காலமும் நம்பியிருக்கிறாள். கணினி உள்ளே விழித்துக்கொண்டே இருந்திருக்கிறது. பூட்டிய பிறகு ஒவ்வொரு நாளும் என் மென்பொருள் தன் வேலையைக் குறைவில்லாமல் செய்திருக்கிறது. இடி விழுந்ததற்கு முந்தின ஞாயிறும் அதில் இருந்தது.

இடி விழுந்த அன்றே முன்மேசைக் கணினியைத் திறந்து பார்க்காதது ஏன் என்று நீங்கள் கேட்க வேண்டும். தோன்றவில்லை என்பதுதான் பதில். வேறு பதில் இருக்குமோ என்று தேடிப் பார்த்தேன். கிடைக்கவில்லை.

திறந்து படித்தேன். முதல் ஆறும் நான் எழுதியது போலவேதான் இருந்தன. அந்த இடத்தில் எனக்கு ஒரு நிம்மதி வந்தது, சொல்லப்போனால் கொஞ்சம் பெருமைகூட வந்தது. ஏழாவது விஜயலெட்சுமி அக்காவுடையது. அது வேறு மாதிரி இருந்தது. உடனடியாகச் சத்திரசிகிச்சைக்கு அனுப்பவும் என்று டொக்டர் பெரிய எழுத்தில் அடித்திருந்தார். அந்த வரியை நிறைய நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.  

யாரிடம் போய் என்ன சொல்வது? அக்காவிடம் சொன்னால் மாரிசாமி அண்ணனுக்குத் தெரியும், அவர் அக்காவின் புருஷன், நேரே முதலாளியிடம் வந்து நிற்பார். முதலாளிக்குத் தெரிந்தால் லேப் மூடும். மூடினால் றின்ஸாவுக்கு வேலை இல்லை, எனக்கும் இல்லை, ஏசி அறைக் கதிரையைப் பற்றிப் பீலியடியில் தண்ணீர் பிடிக்க வருகிற எல்லோரிடமும் பேசித் திரிகிற அம்மாவுக்குத் தலை காட்ட முடியாது. எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்தான். பின்னால் றின்ஸா நின்றுகொண்டிருந்தாள். "ஆக்கள் நிக்கிறாங்க அண்ணா, சுருக்கா செஞ்சு தாங்க" என்றாள். உண்மைதான், இரத்தம் கொடுக்க வந்தவர்கள் படிக்கட்டு வரை நின்றார்கள், அவளுக்கு இடம் தேவைப்பட்டது. பழைய பிரதிகளை எல்லாம் தெரிவுசெய்தேன். அழிக்கவா என்று மென்பொருள் கேட்டது. ஆம் என்றேன். நிச்சயமாகவா, திரும்பப் பெற முடியாது என்று இன்னொரு முறை கேட்டது. இதுவும் அதில் ஒரு நல்ல அம்சம், ஐயா. அவசரத்தில் யாரும் தவறுதலாக அழித்துவிட முடியாது.

தைப்பொங்கல் கழிந்து அக்கா திரும்ப வந்தார். இந்த முறை வாசலில் நிற்கவில்லை, உள்ளே வந்து கதவைச் சாத்தினார்.

"இது பெருசாவுது தம்பி. கொழுந்த முதுகுக் கூடையில போட கையத் தூக்க முடியல. இன்னொருக்கா ஊசி குத்திப் பாப்பமா?"

அவர் கேட்டது அவ்வளவுதான். ஊசி குத்தினால் புது ரிப்போர்ட் வரும். புது ரிப்போர்ட்டையும் பழையதையும் டொக்டர் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். நான் கணினியைத் திறந்து, அவருடைய பெயரை அடித்து, திரையை அவர் பக்கம் திருப்பினேன். நான் எழுதிய ரிப்போர்ட்டைத் திரும்ப ஒரு முறை வாசித்துத் தமிழில் சொன்னேன்.

"கொம்பியூட்டர்ல நல்லாருக்குன்னுதான் இருக்குக்கா. வேல பாத்த வலியா இருக்கும்."

"அவரு மகரகமைக்குப் போவோம்னு ஒத்தக் கால்ல நிக்கிறாரு."

"எதுக்குக்கா. மூணு நாலு பேரு வீணாப் போயிரும்."

"அப்ப சரி தம்பி. நீங்க சொன்னா சரிதான்."

மகரகமை ஆஸ்பத்திரி என்றாலே எந்த நோய்க்கு என்று எங்கள் பக்கத்தில் குழந்தைக்கும் தெரியும். அந்தச் சொல்லை அக்கா மெல்லத்தான் சொன்னார், பக்கத்தில் யாருக்கும் கேட்டுவிடக் கூடாதென்பது போல. அவர் படியிறங்கிச் செருப்பைப் போடும் சத்தம் வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தேன். கூப்பிட வேண்டும் என்று வாய் வரை வந்தது. எழும்ப முடியவில்லை. இதில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டுகிறேன். நான் அவருக்குச் சொன்னது கணினியில் இருந்ததைத்தான். அந்த நேரத்தில் அதற்கு மாறாக எழுதப்பட்ட ஒரு வரிகூட இந்த உலகத்திலேயே இருக்கவில்லை.

சித்திரையில் மாரிசாமி அண்ணன் யார் பேச்சையும் கேட்காமல் ஆட்டோ பிடித்து அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அங்கிருந்து மகரகமை. இனி வெட்டியும் பிரயோசனமில்லை என்று சொல்லிவிட்டார்கள். ஒவ்வொரு சனிக்கிழமையும் லயத்துக்குப் போய்ப் பார்த்தேன். ஆப்பிள் வாங்கிப் போவேன். அக்காவால் மென்று விழுங்க முடியாத நாட்களில் விதுர்ஷா அதைத் துருவி, சாறு பிழிந்து கரண்டியால் ஊட்டுவாள். அவளுடைய புத்தகங்கள் கட்டிலடியில் கிடந்தன. மாரிசாமி அண்ணன் காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் போவதையே விட்டுவிட்டு வாசலில் உட்கார்ந்திருப்பார். என்னைப் பார்த்தால் எழும்பிக் கதிரை தருவார். ஆடி பிறந்து கொஞ்ச நாளில் அக்கா போய்விட்டார். பெட்டி தூக்கியவர்களில் நானும் ஒருவன். அவ்வளவு பெரிய மனுஷி, கனமே இருக்கவில்லை.

இதற்கிடையில் ஆஸ்பத்திரியிலிருந்து பழைய கண்ணாடித் தகடுகளைக் கேட்டார்கள். கண்டி டொக்டர் திரும்பப் பார்த்தார். பார்த்த உடனே தெரிகிறதே, நான் இப்படி எழுதியிருக்கவே மாட்டேன் என்றார். அப்போது முதலாளியின் பார்வை றின்ஸா பக்கம் திரும்பியது. தகடுகளுக்குப் பெயர் ஒட்டுகிறவள் அவள், ரிப்போர்ட் கொடுத்தவளும் அவள். மாற்றி ஒட்டிவிட்டாள் என்று வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். அவளுடைய வாப்பா வந்து லேப் படியடியில் ஒரு பின்னேரம் முழுக்க நின்றார்.  ஜன்னலால் பார்த்துக்கொண்டிருந்தேன். மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது.

தன் கணினியில் என்னவோ நிறைந்து கிடந்தது, புவனன் அண்ணன்தான் வந்து அழித்தார் என்று றின்ஸா உங்களிடம் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். திரையை அணைத்தால் கொம்பியூட்டர் அணையும் என்று நினைக்கிற பிள்ளையின் பேச்சை எப்படி நம்புவது என்று முதலாளி சிரித்தாராம். அவள் சொன்னது சரி. அவளை விட்டுவிடுங்கள். தகடு எதுவும் மாறவில்லை. ரிப்போர்ட்டை எழுதியது நான். உண்மையான ரிப்போர்ட்டைப் படித்தது நான், அழித்தது நான். எல்லாம் தெரிந்துகொண்டே, திரும்ப ஊசி குத்தச் சொல்லிக் கேட்டு வந்தவரை நல்ல வார்த்தை சொல்லித் திருப்பி அனுப்பியதும் நான்தான்.

எழுதி முடித்துவிட்டேன் என்று நினைத்தேன். இன்னொன்று இருக்கிறது. அதைச் சொன்னால்தான் என்னைச் சரியாக விளங்கிக்கொள்வீர்கள்.

கருமாதி முடிந்து மாரிசாமி அண்ணன் லேபுக்கு வந்தார். அக்காவின் ஃபோனைத் துணியில் சுற்றி எடுத்து வந்திருந்தார். "இதுல அவ பேசுனது இருக்கு தம்பி. போன் சாகப் போவுது, சார்ஜ் நிக்க மாட்டேங்குது. ஒங்க கொம்பியூட்டர்ல ஏத்தி அழியாம வச்சிருங்க. எனக்கு வேற யாரத் தெரியும்" என்றார். கண்டியில் வகுப்புக்குப் போயிருந்த மகளுக்கு அக்கா அனுப்பிய குரல் பதிவுகள். சோறு சாப்பிட்டியா, குளிருதா, அப்படித்தான் பெரும்பாலும். தையில் அனுப்பியது ஒன்று கொஞ்சம் நீளமானது. லேப் படியிறங்கி பஸ் ஸ்டாண்டுக்கு நடந்துகொண்டே பேசியிருக்கிறார், பின்னால் பஸ் சத்தம் கேட்கிறது. "புவனன் தம்பி கொம்பியூட்டர்ல ரெண்டாவது தடவையும் பாத்துருச்சு பாப்பா. ஒண்ணுமே இல்லையாம். நம்ம லயத்துப் புள்ள, நம்மகிட்ட பொய் சொல்லுமா. நீ அழுவாம படி."

அதை மூன்று இடத்தில் பிரதி எடுத்து வைத்திருக்கிறேன், அதே இலவச மென்பொருளில்தான். இந்த முறை ஒரு நாள்கூடச் சிவப்புப் புள்ளி விழ விடவில்லை. பேக்கப் எடுத்தால் மட்டும் போதாது, ஐயா, எடுத்தது சரியாக இருக்கிறதா என்று அவ்வப்போது திறந்து பார்க்க வேண்டும். நான் ஒவ்வொரு பின்னேரமும் திறந்து அக்கா பேசுவதைக் கடைசி வரை கேட்கிறேன். ஒரு சொல்கூடச் சிதையவில்லை. அக்காவுக்கு என்மேல் ஒரு குறையும் இருக்கவில்லை என்பது அதில் தெளிவாகவே இருக்கிறது. வேண்டுமானால் நீங்களும் போட்டுக் கேட்டுப் பாருங்கள்.